ரஷ்யப் புரட்சி பத்தி புக் வாங்கப் போறீங்களா? கடையில நின்னுக்கிட்டே செக் பண்ணிடலாம்

நான் சொந்தக் காசுல வாங்கின முதல் ரஷ்யப் புரட்சி புக்கோட அட்டையில ஒரு போட்டோ இருக்கும். பெரிய அரண்மனை, முன்னாடி பரந்த சதுக்கம், ஆயிரக்கணக்குல ஜனங்க வாசலைப் பாத்து ஓடிக்கிட்டிருப்பாங்க, உள்ள ஒரு பக்கத்துல அதே போட்டோவுக்குக் கீழ "1917, குளிர்கால அரண்மனை மீதான தாக்குதல்"னு கேப்ஷன். பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அது 1920ல புரட்சியோட மூணாவது ஆண்டு விழாவுக்கு அதே அரண்மனை வாசல்ல போட்ட நாடகத்துல எடுத்த போட்டோ. நிஜமா அரண்மனையைப் பிடிச்ச ஆளுங்களைவிட நாடகத்துல நடிச்சவங்க அதிகம்னு சொல்வாங்க. 1917ல போல்ஷ்விக்குகள், அதாவது லெனினோட கட்சிக்காரங்க, இடைக்கால அரசாங்கம் உக்காந்திருந்த அந்த அரண்மனையைப் பிடிச்ச ராத்திரி, அப்போ தலைநகரா இருந்த பெட்ரோகிராட்ல செத்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஊரே ரத்த ஆறுன்னு நாம மனசுல வெச்சிருக்கறதுக்கு 1928ல வந்த சோவியத் டைரக்டர் ஐசன்ஸ்டீனோட படமும் ஒரு காரணம், அதுல இருக்கற ஓட்டமும் சண்டையும் நிஜத்துல அந்த அளவுக்கு நடக்கவே இல்ல.

அட்டைப் படத்துலயே இப்படின்னா உள்ள எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. அந்தப் பதிப்பகம் எதுன்னு சொல்லல, இப்பவும் புக் போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா அதுலேர்ந்து ஒரு பழக்கம் வந்துடுச்சு, இந்த சப்ஜெக்ட்ல எந்த புக்கைக் கையில எடுத்தாலும் ஒரு பத்து நிமிஷம் கடையில நின்னு சில விஷயத்தைப் பாக்காம பில் போட மாட்டேன். அதைத்தான் இங்க எழுதுறேன், ஃப்ரெண்ட்ஸ் அடிக்கடி கேக்கறதால ஒரே இடத்துல போட்டுடலாம்னு.

முதல்ல ஒண்ணு, "ரஷ்யப் புரட்சிக்கு பெஸ்ட் புக் எது"ன்னு கேக்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க. முந்நூறு வருஷம் ஆண்ட ரோமனாவ் வம்சம், அதாவது ஜார் மன்னர்கள் வம்சம், எப்படி ஒரே வாரத்துல கவுந்துச்சுங்கறது ஒரு கேள்வி. ஜூலையில கட்சி ஆபீஸையே இழுத்து மூடி, லெனின் பின்லாந்துக்குத் தப்பிச்சுப் போய் ஒளிஞ்சிருந்த நிலைமையில இருந்த போல்ஷ்விக்குகள் அக்டோபர்ல எப்படி ஆட்சியைப் பிடிச்சாங்கங்கறது வேற கேள்வி. இவ்ளோ நம்பிக்கையோட ஆரம்பிச்சது ஏன் ஸ்டாலின்ல போய் முடிஞ்சுதுங்கறது இன்னொண்ணு. இந்த மூணுக்கும் ஒரே புக் சமமா பதில் சொல்லாது. நான் இது தெரியாமதான் ரெண்டாவது தடவை ஒரு குண்டு புக்கை வாங்கிட்டு நூறு பக்கத்துல மூச்சு முட்டிப் போய் வெச்சுட்டேன், அது நல்ல புக்குதான், எனக்கு வேண்டிய கேள்விக்கு அது பதில் சொல்லல அவ்ளோதான்.

கையில எடுத்ததும் நான் பாக்கற முதல் விஷயம் புக் எந்த வருஷத்துல ஆரம்பிச்சு எந்த வருஷத்துல முடியுதுங்கறது. இது சும்மா தேதி மேட்டர் கிடையாது, ஆசிரியரோட வாதமே அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. ஆர்லாண்டோ ஃபைஜஸ் எழுதின எ பீப்பிள்ஸ் ட்ராஜெடி 1891 பஞ்சத்துல ஆரம்பிச்சு 1924ல லெனின் சாவு வரைக்கும் போகும், அப்போ அவர் சொல்ல வர்றது இது ஒரு தலைமுறையோட துயரம், ஜாரும் தப்பு பண்ணான் போல்ஷ்விக்குகளும் பண்ணாங்கன்னு. ரிச்சர்ட் பைப்ஸ் 1899 மாணவர் கலவரத்துல ஆரம்பிப்பார், ஏன்னா அவருக்கு படிச்ச அறிவுஜீவிக் கூட்டம்தான் வில்லன். ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக் 1917ல ஆரம்பிச்சு 1930கள்ல ஸ்டாலினோட களையெடுப்பு வரைக்கும் இழுத்துட்டுப் போவாங்க, அவங்களப் பொறுத்தவரை அதெல்லாம் ஒரே புரட்சிதான். சைனா மியேவில் எழுதின அக்டோபர் முக்கியமா 1917 ஒரு வருஷத்தை மட்டும் மாசத்துக்கு ஒரு அத்தியாயமா சொல்லும், நாவலாசிரியர்ங்கறதால வேகமா போகும். பாருங்க, அதே சம்பவம்தான், கோடு எங்க கிழிக்கறாங்கங்கறதுல கதையே மாறிடுது. 1917 நவம்பரோட சுபம் போட்டு முடிக்கற புக்கா இருந்தா, அதுக்கப்புறம் நடந்த உள்நாட்டுப் போர், பஞ்சம், ரகசிய போலீஸ் எதுவும் அதுல இருக்காது, அது தெரிஞ்சே வாங்குங்க.

அடுத்தது கடைசிப் பக்கங்களுக்குப் போங்க. இண்டெக்ஸ் இருக்கா? இல்லாத வரலாற்று புக்கை நான் பாதி மனசோடதான் வாங்குவேன், தமிழ்ல நிறைய புக்குக்கு இல்ல, அது ஒரு பெரிய குறை. இருந்தா நாலு விஷயத்தைத் தேடுங்க, இதுதான் என்னோட டெஸ்ட்.

ஒண்ணு அரசியல் நிர்ணய சபை. போல்ஷ்விக்குகள் ஆட்சிக்கு வந்த கையோட, 1917 நவம்பர்ல நாடு முழுக்க தேர்தல் நடந்துச்சு, அதுல ஜெயிச்சது அவங்க இல்ல, கிராமத்து ஓட்டை அள்ளின சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சி. அவங்களுக்கு சுமார் 40 சதவீதம், போல்ஷ்விக்குகளுக்கு சுமார் 24. அந்த சபை 1918 ஜனவரில ஒரே ஒரு தடவை கூடுச்சு, விடியறதுக்குள்ள காவலுக்கு நின்ன ஆளுங்க டயர்டா இருக்கோம் கிளம்புங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, மறுநாள் கதவு திறக்கவே இல்ல. இதை ஒரு புக் எப்படி சொல்லுதுன்னு படிங்க. "காலாவதியான அமைப்பு கலைக்கப்பட்டது"ன்னு ஒரே வரில தாண்டிப் போனா ஒரு பக்க புக். அதே சமயம் ஜனங்க எல்லாரும் கொதிச்சு எழுந்துட்டாங்கன்னு எழுதினா அதுவும் அளப்புதான், சபையைக் கலைச்சதுக்கு பெரிய எழுச்சி ஒண்ணும் வரல, ஏன் வரலன்னு விளக்குற புக்தான் நல்ல புக்.

ரெண்டாவது கோர்னிலாவ். 1917 ஆகஸ்ட் கடைசியில இந்த ஜெனரல் படையை பெட்ரோகிராடுக்கு அனுப்பினதும் ரயில்வே தொழிலாளிங்க ரயிலை நிறுத்துனதும்தான் செத்துக்கிடந்த போல்ஷ்விக் கட்சிக்கு உயிர் குடுத்துச்சு. இதுக்கு ஒரு அத்தியாயமாவது இல்லாம, லெனின் ஒருத்தரோட மூளையால எல்லாம் நடந்துச்சுன்னு சொல்ற புக் எந்தப் பக்கம் சாஞ்சிருந்தாலும் எனக்கு வேண்டாம், லெனினை சாமியாக்குறதும் பூதமாக்குறதும் கடைசில ஒரே வேலைதான்.

மூணாவது க்ரோன்ஷ்டாட். 1917ல புரட்சியோட பெருமைன்னு கொண்டாடின அந்தக் கடற்படைக் கோட்டை 1921 மார்ச்ல அதே ஆட்சிக்கு எதிரா எழும்புச்சு, உறைஞ்சு கிடந்த கடல் மேல போல்ஷ்விக் ஆட்சியோட செம்படை நடந்து போய் அடக்குச்சு. நாலாவது, இது இண்டெக்ஸ்ல தேட கொஞ்சம் கஷ்டம், கிராமம். அப்போ ரஷ்யாவுல நூத்துக்கு எண்பது பேர் கிராமத்துலதான் இருந்தாங்க. நிலத்தை யாரு யார்கிட்டேர்ந்து எப்படிப் பிடுங்கினாங்க, பட்டாளத்துக்காரன் ஏன் துப்பாக்கியோட ஊருக்குத் திரும்பினான், இதெல்லாம் இல்லாம பெட்ரோகிராட்ல நாலு ஹால்ல நடந்த மீட்டிங்கை மட்டுமே 400 பக்கம் எழுதியிருந்தா அது ஒரு ஊரோட வரலாறு, நாட்டோட வரலாறு கிடையாது. உக்ரைன், ஜார்ஜியா, மத்திய ஆசியா பக்கமெல்லாம் எட்டிப் பாக்குதான்னும் பாருங்க. பழைய புக்ல இது ரொம்பக் கம்மி.

பழைய புக்குன்னதும் ஞாபகம் வருது, காப்பிரைட் பக்கத்துல முதல் பதிப்பு வருஷத்தைப் பாருங்க, மறுபதிப்பு வருஷத்தைப் பாத்து ஏமாறாதீங்க. 1991ல சோவியத் யூனியன் உடைஞ்சப்புறம்தான் அங்க இருந்த ஆவணக் காப்பகங்கள் பெருசாத் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி எழுதினவங்க கிடைச்ச பேப்பரை வெச்சுத்தான் எழுதினாங்க. அதுக்காக 1991க்கு முந்தினது எல்லாம் குப்பைன்னு அர்த்தமில்ல. அலெக்ஸாண்டர் ராபினோவிச் 1976ல எழுதின தி போல்ஷ்விக்ஸ் கம் டு பவர் இன்னைக்கும் நிக்குது, ஏன்னா அந்தாளு அந்தக் காலத்து பேப்பரையும் மீட்டிங் குறிப்பையும் கரைச்சுக் குடிச்சவர். கட்டுக்கோப்பான ராணுவம் மாதிரி ஒரு கட்சின்னு நாம நினைச்சிட்டிருந்ததை, உள்ளுக்குள்ள சண்டை போட்டுக்கிட்ட, தெருவுல ஜனங்க பேசறதைக் கேட்டு மாறின கட்சின்னு காமிச்சவர் அவர். ஆயுதம் எடுக்கலாமான்னு அக்டோபர் 10 ராத்திரி மத்திய கமிட்டி ஓட்டுப் போட்டப்போ 10க்கு 2ன்னு பிரிஞ்சாங்க, எதிர்த்த ரெண்டு பேர் காமனேவும் ஜினோவியேவும், லெனினோட ரொம்ப நெருங்கின ஆளுங்க. நான் மேல ரெண்டாவதா சொன்ன கேள்விதான் உங்களோடதுன்னா கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க.

அந்த ராத்திரி மீட்டிங் நடந்த வீடு யாருதுன்னு தெரியுமா, சுகானவ்ங்கற ஒரு மென்ஷ்விக்கோட, அதாவது போல்ஷ்விக்குகளுக்குப் போட்டியான சோசலிஸ்ட் கட்சிக்காரரோட ஃப்ளாட். அவருக்கே தெரியாது! அவர் மனைவி போல்ஷ்விக், ஆபீஸ்லயே தங்கிடுங்க, இவ்ளோ தூரம் அலையாதீங்கன்னு அக்கறையா சொல்லி அனுப்பிட்டு வீட்டை மீட்டிங்குக்குக் குடுத்துட்டாங்க. அந்த சுகானவ் பின்னாடி 7 வால்யூம் நினைவுக் குறிப்பு எழுதினார், அதோட சுருக்கம் இங்கிலீஷ்ல இருக்கு. கண்ணால பாத்தவங்க எழுதினதுல எனக்குப் பிடிச்சது அதுதான், ஏன்னா அவர் தோத்த பக்கம், அதுவும் தான் பண்ண தப்பை ஒத்துக்கற ஆளு. அக்டோபர் 25 சோவியத்துகளோட, அதாவது தொழிலாளர், சிப்பாய் பிரதிநிதி சபைகளோட மாநாட்டுலேர்ந்து வெளிநடப்பு பண்ணி நாங்களே எங்க கையால போல்ஷ்விக்குகளுக்கு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டோம்ங்கற மாதிரி எழுதியிருப்பார். 1940ல ஸ்டாலின் ஆட்சியில அவரை சுட்டுட்டாங்க.

கண்ணால பாத்தவங்க புக்கை வாங்கும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க, அந்த ஆளு எங்க நின்னு பாத்தான். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீட் எழுதின உலகைக் குலுக்கிய பத்து நாட்கள் தமிழ்லயும் இருக்கு, சோவியத் காலத்துல மாஸ்கோவுல அடிச்சு வந்து வீட்டுக்கு வீடு இருந்த புக். நடை பிரமாதம், போஸ்டர், நோட்டீஸ், கூட்டத்துல எவனோ கத்துனது எல்லாத்தையும் பொறுக்கி வெச்சிருப்பார். ஆனா அவர் வந்து சேந்தது 1917 செப்டம்பர்ல, ஜாரை இறக்கின பிப்ரவரிப் புரட்சியை அவர் பாக்கல, ரஷ்ய மொழியும் அரைகுறை, மனசு முழுக்க போல்ஷ்விக் பக்கம். லெனினே முன்னுரை எழுதின அந்த புக்கை ஸ்டாலின் காலத்துல சோவியத்துலயே அமுக்கி வெச்சாங்க, காரணம் சிம்பிள், அதுல பக்கத்துக்குப் பக்கம் ஸ்டாலினோட எதிரி ட்ராட்ஸ்கி, ஸ்டாலின் பேரு ஏதோ பட்டியல்ல வந்து போறதோட சரி. ட்ராட்ஸ்கியே நாடு கடத்தப்பட்டு துருக்கித் தீவுல உக்காந்து மூணு வால்யூம் வரலாறு எழுதினார், தன்னையே "ட்ராட்ஸ்கி இப்படிச் செஞ்சார்"னு மூணாம் மனுஷன் மாதிரி எழுதுவார், படிக்க சிரிப்பா இருக்கும், ஆனா எழுத்துன்னா அது எழுத்து. முதல் புக்கா மட்டும் எடுக்காதீங்க, யார் யாரைக் குத்தறார்னே புரியாது.

ஒரு சின்ன எக்சர்சைஸ் சொல்றேன், முடிஞ்சா பண்ணிப் பாருங்க. அரண்மனை விழுந்த அந்த ராத்திரியையும் அதுக்கப்புறம் நடந்ததையும் மட்டும் ரெண்டு புக்ல அடுத்தடுத்து படிங்க. ரீட் உள்ள நுழைஞ்சு பாத்ததை எழுதியிருக்கார், சில பேரு பொருளை அள்ள ஆரம்பிச்சதும் இது மக்கள் சொத்து, கை வைக்காதேன்னு தடுத்து, வாசல்ல ஒவ்வொருத்தனையா சோதிச்சு அனுப்பினாங்கன்னு. ஃபைஜஸ் அதுக்கு அடுத்து வந்த வாரங்களை எழுதுவார், அரண்மனையோட ஒயின் கிடங்கைக் கண்டுபிடிச்சதும் காவலுக்குப் போட்ட பட்டாளமே குடிச்சு உருண்டது, ஊரே போதையில மிதந்தது. ரெண்டுமே நடந்ததுதான். எதை எடுத்து எதை விட்டாங்கன்னு இப்படிப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தப்புறம் அடுத்த புக்கை நீங்க படிக்கற விதமே மாறிடும்.

ஆசிரியர் யாருன்னு தேடறதுல தப்பே இல்ல. பைப்ஸ் அமெரிக்க அதிபர் ரீகன் ஆட்சியில தேசிய பாதுகாப்பு கவுன்சில்ல வேலை பாத்தவர், மியேவில் வெளிப்படையா இடதுசாரி. இதனால புக்கைத் தூக்கிப் போட வேண்டாம், பைப்ஸ் எதிர்த் தரப்போட குறைகளைத் தோண்டுன மாதிரி யாரும் தோண்டல, மியேவில் ஜனங்களோட உற்சாகத்தைச் சொன்ன மாதிரி பைப்ஸால சொல்ல முடியாது. என்ன கண்ணாடி போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சு படிக்கணும், அவ்ளோதான். ஜெர்மன்காரன் காசு குடுத்தான், சீல் வெச்ச ரயில்ல லெனினை அனுப்பினான், அதனாலதான் புரட்சின்னு முழுக்க முழுக்க அதுலயே நிக்கற புக் மட்டும் வேண்டாம். ரயில்ல வந்தது நிஜம், ஆனா அவர் ஸ்டேஷன்ல இறங்கறதுக்கு முன்னாடியே ஜார் பதவி விலகி ஒரு மாசம் ஆயிடுச்சு. அதை ஆரம்பிச்சு வெச்சது ரொட்டிக்காக வரிசையில நின்னு கடுப்பான பொம்பளைங்க, மகளிர் தினத்தன்னைக்கு பெட்ரோகிராட் மில்லுகள்லேர்ந்து வெளிய வந்து, கல்லை விட்டு பக்கத்து ஃபேக்டரி ஆம்பளைங்களையும் வெளிய இழுத்தாங்க.

ஆன்லைன் ஸ்டார் ரேட்டிங்கை நம்பாதீங்க. இந்தத் துறையிலயே பேர் பெத்த ஒரு ஆசிரியர், வேற பேருல போய் தன் புக்கைப் புகழ்ந்தும் சக ஆசிரியர்கள் புக்கைத் திட்டியும் ரிவ்யூ போட்டு 2010ல மாட்டினார், பெரிய நியூஸ் ஆச்சு. அதுக்கு பதிலா கிண்டில் சாம்பிளை இறக்கி முன்னுரையை மட்டும் படிங்க, மத்த வரலாற்றாசிரியர்களோட எங்க ஒத்துப்போறேன் எங்க முட்டிக்கறேன்னு நேர்மையா சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

தேதிக் குழப்பம் ஒண்ணு இருக்கு, இதுல நான் மாசக்கணக்கா சுத்தியிருக்கேன். ரஷ்யாவுல அப்போ பழைய காலண்டர், நம்ம காலண்டரைவிட 13 நாள் பின்னாடி. அதனால நம்ம காலண்டர்ல பிப்ரவரிப் புரட்சி மார்ச்ல வரும், அக்டோபர் புரட்சி நவம்பர் 7ல வரும், நம்ம மார்ச் 8 மகளிர் தினம் அவங்க காலண்டர்ல பிப்ரவரி 23ல வரும். 1918ல ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14ன்னு மாத்திட்டாங்க. நல்ல புக்ல எந்தக் காலண்டர்னு முதல்லயே ஒரு குறிப்பு இருக்கும். இல்லாம ரெண்டையும் கலந்து அடிச்சிருந்தா எடிட்டர் தூங்கிட்டார்னு அர்த்தம்.

நம்ம பாரதியோட "புதிய ருஷ்யா" பாட்டை நவம்பர் புரட்சி மேடையில பாடாத ஆளே கிடையாது, ஆனா தலைப்புலயே ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சின்னு இருக்கு, ஜார் விழுந்தது மார்ச்ல. இதைச் சொன்னதுக்கு ஒரு கூட்டத்துல ஒரு பெரியவர் என்னை முறைச்சார் பாருங்க.

தமிழ்ல என்ன வாங்கலாம்னு கேப்பீங்க. உண்மையைச் சொன்னா அலமாரி பெருசு, வகை கம்மி. முன்னேற்றப் பதிப்பகம் போட்ட பழைய மாஸ்கோ புக்கெல்லாம் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியா மலிவு விலையில வந்து நம்ம ஊர்ல ரெண்டு தலைமுறைக்கு ரஷ்யாவைக் காமிச்சுது, பழைய புத்தகக் கடையில இன்னும் மாட்டும், பைண்டிங் கல்லு மாதிரி. எடுங்க, ஆனா அது சோவியத் அரசாங்கம் வெளிய சொல்ல விரும்பின கதைங்கறதை மனசுல வெச்சுக்கோங்க. 1938ல ஸ்டாலின் காலத்துல வந்த அதிகாரப்பூர்வ கட்சி வரலாறு மாதிரி ஒண்ணு கிடைச்சா, 1917ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வேண்டாம், 1938ல என்ன சொல்ல வெச்சாங்கன்னு தெரிஞ்சுக்க படிங்க. போட்டோவையும் பாருங்க, 1920 மே மாசம் மாஸ்கோவுல லெனின் மேடையில பேசற படம், பக்கத்துப் படிக்கட்டுல ட்ராட்ஸ்கியும் காமனேவும் நிப்பாங்க. அந்தப் படிக்கட்டு காலியா இருந்தா அது வெட்டி ஒட்டின படம்.

புதுசா தமிழ்ல வர்றதுல நிறைய லெனின் வாழ்க்கை வரலாறு, புரட்சி வரலாறுன்னு பேர் மட்டும் இருக்கும். மொழிபெயர்ப்புன்னா மூலத்தோட பேரும் மொழிபெயர்த்தவர் பேரும் இருக்கான்னு பாருங்க, ரெண்டும் இல்லாம "தொகுப்பு"ன்னு மட்டும் போட்டிருந்தா விக்கிப்பீடியாவை மாத்தி எழுதியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நடுவுல ஏதாவது ஒரு பக்கத்தை சத்தமா படிச்சுப் பாருங்க, ஒரு வரிக்கு ரெண்டு தடவை மூச்சு வாங்குச்சுன்னா 500 பக்கம் தாங்காது. பேரு வேற ஒரே ஆளுக்கும் ஒரே ஊருக்கும் நாலு விதமா வரும், பெட்ரோகிராட், பெத்ரோகிராத், அப்புறம் அதே ஊரு 1914க்கு முன்னாடி பீட்டர்ஸ்பர்க், 1924லேர்ந்து 1991 வரைக்கும் லெனின்கிராட், ஆள் பட்டியலும் ஒரு மேப்பும் முன்னாடி குடுத்திருந்தா அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு கும்பிடு. கார்க்கியோட தாய் நாவலைப் படிச்சுட்டு 1917 தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்கறவங்களுக்கு, அது புரட்சிக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்த கதை. அதே கார்க்கி 1917, 18ல தன் பத்திரிகையில லெனினைக் கிழிகிழின்னு கிழிச்சு எழுதின கட்டுரைகள் தனி புக்கா இருக்கு, அதையும் பக்கத்துல வெச்சுக்கோங்க.

நான் இப்போ புதுசா ஆரம்பிக்கறதா இருந்தா ஃபிட்ஸ்பாட்ரிக் புக்ல ஆரம்பிப்பேன், ஒல்லி புக், ரெண்டு வாரத்துல முடியும், மொத்த மேப்பும் மனசுல வந்துடும். அப்புறம் ரீட் தமிழ்ல, பஸ்ல போகும்போது படிக்கற மாதிரி. அதுக்கப்புறம் உங்க கேள்வி எதுவோ அதுக்கு ராபினோவிச்சோ ஃபைஜஸோ. குண்டு புக்கை மட்டும் உடனே வாங்காதீங்க, சென்னையில இருந்தா கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் ரெண்டுலயும் கேட்டலாக்ல தேடிட்டு, இருந்தா ரெண்டு அத்தியாயம் அங்கயே உக்காந்து படிச்சுப் பாருங்க. ஒண்ணு அரசியல் நிர்ணய சபை, இன்னொண்ணு க்ரோன்ஷ்டாட். அது ரெண்டையும் முடிச்சுட்டு கேன்டீன்ல டீ குடிக்கும்போது அந்த ஆசிரியரோட மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்கன்னா, வாங்கிடுங்க.